பயிற்சியாளருக்கு மேலே ஒரு நாற்காலி

மிஷிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். அரங்கு இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகையே ஒன்றேகால் லட்சத்தைத் தொடவில்லை. கால்பந்து என்றால் நாம் அறிந்த கால்பந்து இல்லை. தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம். ஆடுகிறவர்கள் மாணவர்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே படிக்கிறவர்கள் அல்ல. தொலைக்காட்சிப் பணம், நன்கொடை, ஸ்பான்சர், பயிற்சியாளர் சம்பளம், உதவித்தொகை எல்லாம் சேர்ந்த இந்தப் பெரிய கடையை நடத்துகிறவருக்கு விளையாட்டு இயக்குநர் என்று பதவிப் பெயர். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் இந்தத் துறையின் ஆண்டு வருமானம் மட்டும் 25 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்த இயக்குநரை எதைக் கொண்டு அளப்பது? கோப்பைகளை எண்ணுகிறவர்கள் உண்டு. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. எத்தனை விளையாட்டுகளை, எத்தனை மாணவிகளை வளர்த்தார் என்று கேட்பவர்கள் குறைவு. என் கணிப்பில், ஒரு நல்ல பயிற்சியாளரைத் தேடிப் பிடித்து வருவது இந்த வேலையின் பாதிதான். அதைப் பல பேர் திறமையாகச் செய்திருக்கிறார்கள். அப்படிக் கொண்டுவந்தவர் புகழின் உச்சிக்கு ஏறிய பிறகும் அவருக்கு மேலதிகாரியாகத் தொடர முடிகிறதா என்பதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள்.

தொடக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. பயிற்சியாளரும் இயக்குநரும் ஒரே ஆள். 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற இளைஞரை அழைத்துவந்து, ஆசிரியர் தகுதியுடன் உடற்கல்வித் துறையின் தலைவராக்கினார். கால்பந்து அணியும் அவர் கையில்தான். 70 வயதாகிவிட்டது என்று பல்கலைக்கழகம் வெளியே அனுப்பும்வரை 40 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார். ஸ்டாக் சிகாகோவுக்கு வந்தது மாசசூசெட்ஸில் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியிலிருந்து. அதே பள்ளியின் வழிவந்த ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் கல்லூரிகளில் விசிலோடு நிற்கும் உடற்கல்வி இயக்குநரும், அமெரிக்காவில் கோடிகளைக் கையாளும் விளையாட்டு இயக்குநரும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்துபோன பங்காளிகள் என்று சொன்னால் பெரிய தவறில்லை. ஒருவருக்கு வகுப்பும் வருகைப் பதிவேடும் மிஞ்சின, மற்றவருக்கு அரங்கும் டிக்கெட் கவுண்டரும்.

ஸ்டாக் போன பிறகு சிகாகோ 1939-இல் கால்பந்தையே கைவிட்டது. அவர் பெயர் தாங்கிய அரங்கின் பார்வையாளர் மேடைக்குக் கீழே 1942 டிசம்பரில் என்ரிக்கோ ஃபெர்மி முதல் அணுத் தொடர்வினையை நடத்திக்காட்டினார். கால்பந்து இல்லாமலும் ஒரு பல்கலைக்கழகம் பெரிய பல்கலைக்கழகமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் பெரிய கால்பந்துப் பல்கலைக்கழகங்களில் சிகாகோவைப் பின்பற்றியவை மிகக் குறைவு.

மிஷிகனில் ஸ்டாக்குக்கு நிகரானவர் ஃபீல்டிங் யோஸ்ட். 1901 முதல் 1905 வரை அவருடைய அணிகள் 57 ஆட்டங்களில் ஒன்றில்தான் தோற்றன, ஒன்று சமன். 1921-இல் இயக்குநரானதும் கட்டடங்கள் பக்கம் திரும்பினார். 1927-இல் திறந்த அரங்குக்கு மாநிலத்தின் வரிப்பணம் ஒரு காசு வாங்கவில்லை. 500 டாலர் மதிப்பில் 3,000 கடன்பத்திரங்களைப் பொதுமக்களுக்கு விற்றார். அன்றைய தேவை எண்பதாயிரம் இருக்கைக்குள்தான். அவர் அஸ்திவாரத்தை ஒரு லட்சத்துக்கு மேல் தாங்கும்படி போடவைத்தார். ஓர் இயக்குநரின் தொலைநோக்குக்கு உதாரணம் கேட்டால் அமெரிக்கர்கள் இன்றும் இதைத்தான் சொல்வார்கள்.

அதே யோஸ்ட் 1934 அக்டோபரில் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்மாநிலத்திலிருந்து ஜார்ஜியா டெக் அணி ஆன் ஆர்பருக்கு ஆட வந்தது. மிஷிகன் அணியில் வில்லிஸ் வார்ட் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அவர் இறங்கினால் தாங்கள் ஆடமாட்டோம் என்றது வந்த அணி. சொந்த மண்ணில், சொந்த அரங்கில், தன் மாணவனை உட்காரவைக்க யோஸ்ட் சம்மதித்தார். பதிலுக்கு ஜார்ஜியா டெக் தன் வீரர் ஒருவரை உட்காரவைத்தது, ஏதோ பண்டமாற்று போல. வார்டின் நண்பரும் அறைத்தோழருமான ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், அந்த ஆட்டத்தில் ஆடுவதா வேண்டாமா என்று தவித்தார். மிஷிகன் 9-2 என்று வென்றது. அந்த ஆண்டில் அவர்கள் வென்ற ஒரே ஆட்டம் அதுதான்.

இரண்டு பதவிகளும் பிரிந்த பிறகு வந்தவர்களில் அதிகம் பேசப்படுபவர் டான் கான்ஹாம். உயரம் தாண்டுதலில் 1940-இல் தேசிய சாம்பியன், பிறகு மிஷிகனின் தடகளப் பயிற்சியாளர். அதோடு விளையாட்டுச் சாமான்கள் விற்கும் நிறுவனம் ஒன்றைத் தானே தொடங்கி நடத்திப் பணக்காரர் ஆனவர். 1968-இல் இயக்குநராக வந்தபோது ஒரு லட்சம் பேர் கொள்ளும் அரங்கில் இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. கான்ஹாம் வியாபாரியின் கண்ணோடு அதைப் பார்த்தார். வீடுகளுக்கு நேரடியாக விளம்பரத் தாள்களைத் தபாலில் அனுப்பினார். டெட்ராய்ட் பேஸ்பால் மைதானத்துக்கு மேலே விமானத்தில் பதாகை இழுத்துச் செல்லவைத்தார். கால்பந்தில் ஆர்வமில்லாத வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கிளம்பி வர ஏதாவது இருக்க வேண்டும் என்று சனிக்கிழமையைக் குடும்பத் திருவிழாவாக விற்றார். இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் செய்கிற வியாபாரத்தின் அரிச்சுவடி அது.

விளம்பரம் மட்டும் அரங்கை நிரப்பாது என்று அவருக்குத் தெரியும். 1968 டிசம்பரில் போ ஸெம்பெக்லர் என்ற, வெளியே அதிகம் பேர் கேள்விப்படாத பயிற்சியாளரை ஆண்டுக்கு 21,000 டாலர் சம்பளத்தில் கூட்டிவந்தார். அடுத்த நவம்பரிலேயே, யாராலும் அசைக்க முடியாது என்று பேசப்பட்ட ஓஹையோ ஸ்டேட்டை மிஷிகன் 24-12 என்று வீழ்த்தியது. 1975 நவம்பர் 8 முதல், கோவிட் காலத்தில் கதவைச் சாத்தி ஆடிய ஆண்டைத் தவிர, அந்த அரங்கில் ஒரு லட்சத்துக்குக் குறைவாகக் கூட்டம் வந்ததில்லை. இந்தக் கணக்கில் கான்ஹாமுக்கு நிகர் யாருமில்லை.

வேறொரு கணக்கு தாமதமாக வந்தது. ராபர்ட் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1966 முதல் 2003 வரை மிஷிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார், விளையாட்டு அணிகளையும் கவனித்தார். பரிசோதனை என்ற பெயரில் அவர் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகப் பழைய மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முன்வந்தார்கள். 2022 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 49 கோடி டாலர் தர பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. கான்ஹாமின் 20 ஆண்டுகளும் அந்தக் காலத்துக்குள் அடங்கும், ஸெம்பெக்லரின் ஆண்டுகளும் அடங்கும். இருவரும் அதற்குள் இறந்துவிட்டார்கள். நிரம்பிய அரங்கை வைத்து ஓர் இயக்குநருக்குச் சான்றிதழ் எழுதியவர்கள் பிறகு திரும்ப எழுத வேண்டியிருந்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கணக்கு இவ்வளவு தாமதிக்கவில்லை. அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களிடம் செய்த பாலியல் குற்றங்கள் 2011-இல் வெடித்தபோது இயக்குநர் டிம் கர்லி பதவியில்தான் இருந்தார். குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்தை 2017-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

பயிற்சியாளருக்கு மேலே நிற்பது எப்படி என்பதற்கு மிஷிகனிலேயே ஒரு சுவையான சம்பவம் உண்டு. 1988-இல் ஸெம்பெக்லர் தானே இயக்குநர் ஆனார். 1989 மார்ச்சில், தேசியக் கூடைப்பந்துப் போட்டி தொடங்க இரண்டொரு நாள் இருக்கும்போது, மிஷிகனின் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர் அடுத்த பருவத்தில் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போவதாக அறிவித்தார். இந்தப் போட்டியை முடித்துவிட்டுப் போகிறேன் என்பது அவர் எண்ணம். ஸெம்பெக்லர் அங்கேயே கத்தரித்தார். மிஷிகனைச் சேர்ந்தவர்தான் மிஷிகன் அணியை நடத்துவார் என்று சொல்லி, உதவியாளர் ஸ்டீவ் ஃபிஷரிடம் அணியைக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்று தந்தவரைப் போட்டி வாசலில் நீக்குவது பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றியது. மூன்று வாரத்தில் ஃபிஷரின் அணி இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம்வரை போய் ஸீட்டன் ஹாலை 80-79 என்று வென்றது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தக் கூடாது. பின்னாளில் ஃபிஷரின் ஆட்டக்காரர்கள் சிலருக்கு அணியின் ஆதரவாளர் ஒருவர் லட்சக்கணக்கில் பணம் கொடுத்தது வெளிவந்தது. 1997-இல் ஃபிஷர் நீக்கப்பட்டார். 2002-இல் அந்தக் காலத்து வெற்றிக் கொடிகளை மிஷிகனே அரங்கிலிருந்து இறக்கியது. ஸெம்பெக்லர் அதற்கு வெகுமுன்பே அந்த நாற்காலியை விட்டுப் போயிருந்தார்.

இதுவரை வந்த எல்லோரும் ஆண்கள். அந்த நாற்காலியில் நெடுங்காலம் ஆண்களைத் தவிர யாரும் உட்காராததால் அப்படி. கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடை செய்யும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் 1972 ஜூன் 23 அன்று வந்தது. அதற்கு மறு ஆண்டு அயோவா பல்கலைக்கழகம் பெண்கள் விளையாட்டுக்கென்று தனித் துறை அமைத்து, ஸ்காட்லாந்தில் பிறந்து ஹாக்கி கற்பித்துக்கொண்டிருந்த கிறிஸ்டீன் கிராண்டை அதன் இயக்குநராக்கியது. ஆண்கள் துறைக்கு இயக்குநர் பம்ப் எலியட், மிஷிகனில் ஸெம்பெக்லருக்கு இடம்விட்டு விலகிய அதே எலியட். ஒரே வளாகத்தில் இரண்டு துறைகள், இரண்டு இயக்குநர்கள், இரண்டு பட்ஜெட். அவை எந்த அளவுக்கு ஏற்றத்தாழ்வானவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிராண்டிடம் கான்ஹாமின் ஒரு லட்சம் இருக்கையும் இல்லை, டிக்கெட் வருமானமும் இல்லை. இருந்தது ஒரு சட்டம். அதை வரிவரியாகப் படித்தார், நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சி சொன்னார், நீதிமன்றத்தில் நிபுணராக நின்றார். தன் துறையின் பங்கைத் தயவாகக் கேட்காமல் உரிமையாகக் கேட்டார். 1983-இல் கூடைப்பந்துக்கு விவியன் ஸ்டிரிங்கரை அழைத்துவந்தார். 1985 பிப்ரவரி 3 அன்று ஓஹையோ ஸ்டேட்டுடன் நடந்த பெண்கள் ஆட்டத்துக்கு, 15,500 இருக்கை உள்ள அரங்கில் 22,157 பேர் நுழைந்தார்கள். படிகளிலும் நடைபாதைகளிலும் மக்கள். பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அயோவாவில் அன்றே பதில் கிடைத்துவிட்டது. கிராண்ட் 2021 டிசம்பர் 31 அன்று இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 2023 அக்டோபரில் கெய்ட்லின் கிளார்க்கின் அணி திறந்தவெளிக் கால்பந்து அரங்கில் ஆடியபோது வந்தவர்கள் 55,646. கேமராக்கள் கிளார்க்கின் பின்னால் ஓடின. அந்தக் கூட்டத்தை முதலில் சேர்த்தவர் கிராண்ட்.

2000-இல் கிராண்ட் ஓய்வு பெற்றதும் அயோவா இரண்டு துறைகளையும் ஒன்றாக்கியது. தலைமை ஆண்கள் துறையின் இயக்குநருக்குப் போனது. நாடு முழுக்க இதே கதைதான். 1972-இல் பெண்கள் விளையாட்டுத் துறைகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்களே நடத்தினார்கள். துறைகள் இணைந்து பணமும் கௌரவமும் சேர்ந்த பிறகு, 2014 வாக்கில் அந்த நாற்காலிகளில் பெண்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பார்பரா ஹெட்ஜஸ் 1991-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இயக்குநரானபோதும், கார்லா வில்லியம்ஸ் 2017-இல் வர்ஜீனியாவுக்கு வந்தபோதும் அது செய்தியாக வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடும் பெரிய மண்டலங்களில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் வில்லியம்ஸ். வரவேற்கத்தக்க சட்டம் ஒன்றின் பக்கவிளைவு இது, அதைப் பற்றி இன்றும் போதுமான அளவு பேசுவதில்லை.

இன்றைய தலைமுறை இயக்குநரைப் புரிந்துகொள்ள ஜீன் ஸ்மித்தைப் பார்க்கலாம். நோட்டர் டேம் அணியில் ஆடி 1973-இல் தேசியப் பட்டம் வென்றவர், அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஈஸ்டர்ன் மிஷிகன், அயோவா ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் என்று படிப்படியாக ஏறி 2005-இல் ஓஹையோ ஸ்டேட்டின் இயக்குநரானார். 36 விளையாட்டுகள், ஆயிரத்துக்கு மேல் வீரர்கள். 2024-இல் ஓய்வு பெறும்வரை அத்தனை விளையாட்டுகளையும் காப்பாற்றி வைத்திருந்தது அவருடைய பெரிய சாதனை என்பேன். 2020-இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஸ்டான்ஃபோர்டு 11 விளையாட்டுகளை மூடப்போவதாக அறிவித்தது, எதிர்ப்புக்குப் பிறகு மறு ஆண்டு பின்வாங்கியது. அயோவா நான்கை மூட முனைந்தது. மாணவிகள் வழக்குப் போட்டதும் பெண்கள் நீச்சலைத் திரும்பக் கொண்டுவந்தது. கிராண்டின் சட்டம் அங்கே இன்னும் உயிரோடு இருந்தது.

ஆனால் ஸ்மித்தின் பதவிக்காலத்தில் மறக்க முடியாதவை இரண்டு பயிற்சியாளர்களின் விவகாரங்கள். ஓஹையோ ஸ்டேட் வீரர்கள் சிலர் தங்கள் பரிசுப் பொருட்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டதும் பணம் வாங்கியதும் விதிமீறல். பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸலுக்கு 2010 ஏப்ரலிலேயே இது தெரியும், மேலே சொல்லவில்லை. 2011 மார்ச்சில் வெளிவந்தபோது இயக்குநரும் பல்கலைக்கழகத் தலைவரும் இரண்டு ஆட்டத் தடையோடு அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். மே மாத இறுதியில் ட்ரெஸல் ராஜினாமா செய்தார். அந்தப் பருவத்தில் அணி சுமாராகத்தான் ஆடியது. பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டத்தைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்துத் தண்டனையை ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஸ்மித் அப்படிச் செய்யவில்லை, அணி போய் ஆடித் தோற்றது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசிய அமைப்பு, மறு ஆண்டின் சிறப்பு ஆட்டத்துக்குத் தடை விதித்தது. அந்த 2012 பருவத்தில், அர்பன் மேயர் என்ற புதிய பயிற்சியாளரின் கீழ், அணி 12 ஆட்டங்களையும் வென்றது. பட்டத்துக்கு ஆட வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தது. நிர்வாகக் கோப்பில் எடுத்த ஒரு முடிவு மைதானத்தில் இவ்வளவு துல்லியமாகத் திருப்பி அடித்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

மேயர் 2014 பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்று தந்தார். மனைவியைத் துன்புறுத்தியதாகப் புகார் இருந்த உதவிப் பயிற்சியாளர் ஒருவரைச் சரியாகக் கையாளவில்லை என்று 2018-இல் பல்கலைக்கழகம் அவருக்கு மூன்று ஆட்டத் தடை விதித்தது. ஸ்மித்தும் ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 16 வரை சம்பளமின்றி இடைநீக்கம் ஆனார். இந்த வேலையை எல்லோரையும்விட நன்கு தெரிந்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் பயிற்சியாளரின் விவகாரத்தில் இரண்டு முறை பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விழ வேண்டியிருந்தது.

வெளியுலகிலிருந்து நிர்வாகி ஒருவரைக் கொண்டுவந்தால் இது தீருமா? மிஷிகன் அதையும் செய்துபார்த்தது. டாமினோஸ் பீட்சாவின் தலைமை நிர்வாகியாக இருந்த டேவிட் பிராண்டன் 2010-இல் இயக்குநரானார். ஸெம்பெக்லரின் பழைய ஆட்டக்காரர்தான், வெளியாள் என்றும் தள்ள முடியாது. பணம் கொட்டியது. மாணவர் டிக்கெட்டின் விலையை ஏற்றினார், வாங்குவோர் குறைந்தார்கள். 2014 செப்டம்பரில் இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்ற விற்பனை அறிவிப்பு வந்து ஊர் சிரித்தது. அந்த வாரமே ஷேன் மாரிஸ் என்ற வீரர் தலையில் அடிபட்டுத் தள்ளாடிய பிறகும் ஆடவைக்கப்பட்டார். மூளையதிர்ச்சி என்று துறை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது இரண்டு நாளுக்கு மேல் கழித்து, நள்ளிரவு தாண்டி. மாணவர்கள் திரண்டு பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அக்டோபர் 31 அன்று பிராண்டன் விலகினார். கான்ஹாமும் வியாபாரிதான், ஆனால் காலி இருக்கையில் யாரை உட்காரவைக்கலாம் என்று யோசித்தவர். பிராண்டன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரிடம் இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்று பார்த்தார்.

இதற்குள் பயிற்சியாளர்களின் கை வெகுவாக ஓங்கிவிட்டது. 1982-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஸெம்பெக்லரை இழுக்க 10 ஆண்டுகளுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னபோது நாடே வாயைப் பிளந்தது. அவர் மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, தொலைக்காட்சி உரிமையைத் தேசிய அமைப்பு தன் பிடியில் வைத்திருந்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்டலங்கள் தாங்களே விற்கத் தொடங்கின. அந்தப் பணம் பயிற்சியாளர்களின் சம்பளத்தில் போய்ச் சேர்ந்தது. அதே டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் 2017-இல் இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட், பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்கு 10 ஆண்டுகளுக்கு 7 கோடியே 50 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டார், இடையில் நீக்கினாலும் முழுப்பணம் உத்தரவாதம். வுட்வர்ட் 2019-இல் லூசியானா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த ராஸ் பியோர்க் 2021-இல் ஒப்பந்தத்தை நீட்டினார். 2023 நவம்பரில் ஃபிஷரை வெளியேற்றியபோது தர வேண்டியிருந்தது 7 கோடியே 60 லட்சத்துக்கு மேல். இரண்டே மாதத்தில் பியோர்க், ஜீன் ஸ்மித்தின் இடத்துக்கு ஓஹையோ ஸ்டேட்டால் தேர்ந்தெடுக்கப்பட்டார். லூசியானாவில் வுட்வர்ட், பயிற்சியாளர் பிரையன் கெல்லிக்கும் 10 ஆண்டு ஒப்பந்தம் தந்திருந்தார். 2025 அக்டோபரில் கெல்லி நீக்கப்பட்டார், இழப்பீடு ஏறக்குறைய 5 கோடியே 40 லட்சம் டாலர். அடுத்த பயிற்சியாளரை வுட்வர்ட் தேர்ந்தெடுக்கமாட்டார் என்று மாநில ஆளுநரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த வாரமே அவரும் போனார்.

இந்த ஒப்பந்தங்களை முட்டாள்கள் போடவில்லை. நல்ல பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் நன்கொடையாளர் கோபிப்பார், அடுத்த ஊர்க்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் இயக்குநரின் பேனாவை நகர்த்துகிறது. கையெழுத்திட்ட நாளிலேயே மேலதிகாரி யார் என்பது தலைகீழாகிவிடுகிறது. நீக்க முடியாத ஊழியரிடம் கேள்வி கேட்பது யாருக்கும் கடினம்.

இப்போது வீரர்களும் சம்பளப் பட்டியலில் சேர்ந்திருக்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கென் ஏற்ற சமரசத்தின்படி பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் போகிறது. இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். யாருக்கு எவ்வளவு என்பதை எழுத வேண்டியவர் இயக்குநர். பல பெரிய பல்கலைக்கழகங்களில் முக்கால் பங்கு கால்பந்துக்குப் போகிறது, ஆண்கள் கூடைப்பந்து அடுத்து, பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சுவது சொற்பம். இந்தப் பணமும் ஒன்பதாம் தலைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. ஜூனில் எட்டு வீராங்கனைகள் சமரசத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் எழுப்பும் கேள்வி கிராண்ட் 1973-இல் அயோவாவில் எழுப்பிய அதே கேள்வி. அன்று அவருக்கென்று ஒரு தனித் துறையும் ஒரு நாற்காலியும் இருந்தன.